மலையடித் தெருக்களுக்கு ஒரு கூட்டுப் பாதுகாப்பு நிலையம்: வேலூர் மாநகராட்சிக்குத் திறந்த மடல்

வேலூர் மாநகராட்சி மேயர், ஆணையர், மாமன்ற உறுப்பினர்கள், மாவட்ட ஆட்சியர் ஆகியோருக்கு,

வணக்கம்.

காகிதப்பட்டறை, சைதாப்பேட்டை, ஓல்டு டவுன் என்று மலையை ஒட்டி மேலேறிக்கொண்டே போயிருக்கும் தெருக்களுக்கு ஒரு பாதுகாப்பு நிலையம் வேண்டும். தீயணைப்பு வண்டியும் 108 ஆம்புலன்சும் புறக்காவல் நிலையமும் அங்கே ஒரே வளாகத்தில் இயங்க வேண்டும். அதற்கான திட்டமிடலை இந்த நிதியாண்டிலேயே தொடங்குங்கள் என்று கேட்டுக்கொள்ளவே இந்த மடலை எழுதுகிறேன்.

நான் தீயணைப்பு மீட்புப் பணித் துறையில் முன்னணித் தீயணைப்போராக இருந்து ஓய்வு பெற்றவன். பழைய வடாற்காடு மாவட்டத்தின் பல ஊர்களில் வேலை பார்த்தேன். வீடு மட்டும் எப்போதும் இந்த மலையடியில்தான். மணி அடித்ததும் வண்டியில் தாவி ஏறுகிறவனின் அவசரமும் எனக்குத் தெரியும். வண்டி வந்து சேருமா என்று தெருமுனையில் நிற்கிறவர்களின் தவிப்பும் தெரியும்.

நீரில்லாத ஆறு, மரமில்லாத மலை என்று வேலூரைப் பற்றி ஒரு பழைய சொல் உண்டு. 2021 நவம்பரில் அந்த ஆறு கரைபுரண்டது. 1903ஆம் ஆண்டு வெள்ளத்தோடு ஒப்பிட்டுப் பேசும் அளவுக்குப் பாலாற்றில் தண்ணீர் போனது. பாலத்தில் நின்று ஊரே வேடிக்கை பார்த்த அந்த மாதத்தில்தான் மலையும் அசைந்தது. காகிதப்பட்டறையில் பாறை ஒன்று உருண்டு ஒரு வீட்டின் மேல் விழுந்தது. தாயும் மகளும் இடிபாட்டில் சிக்கினார்கள். உயிர்ப்பலியில் முடிந்த அந்த நாளை இந்தப் பகுதியில் யாரும் மறக்கவில்லை. இன்றும் இரவில் கனமழை பிடித்தால் மேட்டுத் தெருவில் விளக்கு அணைவதில்லை.

அந்தப் பாறைகள் எப்படி நிற்கின்றன என்பதை நேரில் பார்த்தால்தான் புரியும். மலையோடு சேர்ந்த பாறை வேறு, மலைமேல் தனியாக உட்கார்ந்திருக்கும் உருண்டைப் பாறை வேறு. இரண்டாவது வகைக்கு அடியில் இருக்கும் மண்தான் பிடிமானம். கோடையில் வெயிலில் வெடிப்பு விடுகிறது, மழையில் அடிமண் கரைகிறது. போதாக்குறைக்குக் கடைக்கால் பறிக்கவும் வாசல் அகலப்படுத்தவும் நாமே சரிவை வெட்டுகிறோம். மரம் இருந்தால் வேர் கொஞ்சம் மண்ணைப் பிடித்துக்கொள்ளும். இந்த மலையில் அதுவும் குறைவு.

பாறை விழுந்தால் வேண்டியது நீரியல் ஜாக்கி, கம்பி வெட்டும் கருவி, கயிறு, தூக்குப்படுக்கை, அவற்றைப் பயன்படுத்தத் தெரிந்த ஆட்கள். தேசியப் பேரிடர் மீட்புப் படையின் நான்காவது பட்டாலியன் அரக்கோணத்தில் இருக்கிறது. திறமையான படை. ஆனால் அரக்கோணத்திலிருந்து அவர்கள் புறப்பட்டு இந்தச் சந்துக்குள் வந்து சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அந்த முதல் ஒரு மணி நேரத்தில் இடிபாட்டுக்கு அடியில் இருப்பவருக்கு யார் இருக்கிறார்கள்? அக்கம்பக்கத்து வீட்டுப் பையன்கள், கடப்பாரை, வெறும் கை. அவர்களுக்கு நன்றி சொல்லிக்கொண்டே காலம் தள்ளுவது ஒரு மாநகராட்சிக்கு அழகில்லை.

பாறை என்றைக்கோ ஒரு நாள் விழுவது. அன்றாடம் நடப்பதைச் சொல்கிறேன். மேட்டுத் தெருவில் ஒருவருக்கு நெஞ்சுவலி வந்தால் 108 வண்டி ஆற்காடு சாலையிலோ, அதை ஒட்டிய ஒரு திருப்பத்திலோ நின்றுவிடுகிறது. அதற்கு மேல் படிக்கட்டு. வண்டியில் இருக்கும் சக்கரத் தூக்குப்படுக்கை படியில் உதவாது. என்ன செய்கிறார்கள் தெரியுமா? வீட்டிலிருக்கும் பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்து, நோயாளியை உட்கார வைத்து, மார்புக்குக் குறுக்கே ஒரு துண்டைக் கட்டி, நான்கு பேர் காலுக்கு ஒருவராகப் பிடித்துக்கொண்டு இறங்குகிறார்கள். முன்னால் போகிறவர் பின்பக்கமாகப் படி இறங்க வேண்டும். அவருக்குக் கால் வைக்கும் இடம் தெரியாது. "அண்ணா, இன்னும் ஒரு படி, இன்னும் ஒரு படி" என்று ஒரு சிறுமி டார்ச் அடித்துக்கொண்டு சொல்லிவருவாள். ஈரப் படியில் நாற்காலியின் கால் வழுக்கினால் நோயாளியும் தூக்குகிறவரும் சேர்ந்துதான் விழ வேண்டும். பிரசவ வலியெடுத்த பெண்களும் இப்படித்தான் இறங்கியிருக்கிறார்கள்.

தீயென்றால் இன்னும் கடினம். எங்கள் துறையில் தண்ணீர்க் குழாயைத் துண்டு துண்டாக உருட்டி வைத்திருப்போம். சாலையில் வண்டியை நிறுத்திவிட்டு அவற்றை ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டே மேலே ஓட வேண்டும். ஏறும் ஒவ்வொரு பத்து மீட்டர் உயரத்துக்கும் தண்ணீரின் அழுத்தம் ஏறத்தாழ ஒரு பார் (அழுத்தத்தின் அலகு) குறையும். போதாததற்குச் சந்து மூலைகளில் குழாய் மடங்கினால் அங்கேயும் குறையும். தண்ணீர் நிரம்பிய குழாயின் கனம் தோளில் தூக்கியவனுக்குத்தான் தெரியும். கீழே வண்டியில் நல்ல பம்பு இருந்தும், மேலே குழாய் முனையைப் பிடித்திருப்பவனுக்குப் பீய்ச்ச வேண்டிய தண்ணீர் ஒழுகி வருவதை என் பணிக்காலத்தில் வேறொரு மலையடி ஊரில் பார்த்திருக்கிறேன். எரிவது பக்கத்துக் கூரைக்குத் தாவிக்கொண்டிருக்கும். குழாயைப் பிடித்துக்கொண்டு, பம்பை இயக்குகிறவரை நோக்கிக் கத்திக்கொண்டிருப்போம்.

இந்தப் பக்கத்து வீடுகளின் அமைப்பையும் யோசியுங்கள். ஒரே வாசல், ஒரே சன்னல், மேலே ஆஸ்பெஸ்டாஸ் அல்லது தகரம், உள்ளே எரிவாயு சிலிண்டர், இப்போது கூடத்திலேயே மின்னேற்றம் செய்யும் ஸ்கூட்டரும் சேர்ந்துவிட்டது. 2022 மார்ச்சில் சின்ன அல்லாபுரத்தில் மின்சார ஸ்கூட்டர் தீப்பிடித்து, புகையில் மூச்சுத் திணறித் தந்தையும் மகளும் இறந்தார்கள். அல்லாபுரம் நகரின் வேறொரு மூலை. ஆனால் அந்த வீட்டைப் போன்ற வீடுகள் எங்கள் தெருக்களில் வரிசையாக இருக்கின்றன. தீயைவிடப் புகை வேகமாகக் கொல்லும். நகரப் பகுதியில் முதல் தீயணைப்பு வண்டி 5 முதல் 7 நிமிடத்துக்குள் வந்து சேர வேண்டும் என்பதே தேசிய அளவில் பேசப்படும் அளவுகோல். அண்ணா சாலை நெரிசலைத் தாண்டி, கிரீன் சர்க்கிளில் மாட்டி, ஆற்காடு சாலையில் மருத்துவமனைக்கு வரும் ஆட்டோக்களுக்கும் பஸ்களுக்கும் நடுவே நுழைந்து வரும் வண்டிக்கு அந்த நிமிடங்கள் சாலையிலேயே தீர்ந்துவிடும். ஓட்டுநர் எவ்வளவு சாமர்த்தியசாலியாக இருந்தாலும் இதுதான் நிலைமை.

ஆகவே நிலையம் மலையடியில் இருக்க வேண்டும். எந்த இடம் என்பதைக் காலி நிலப் பட்டியலை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அரசு நிலம் எங்கே சும்மா கிடக்கிறதோ அங்கே கட்டடம் எழுப்புவதுதான் வழக்கம். நகருக்கு வெளியே ஒரு மூலையில் அழகான கட்டடம் எழும், கல்வெட்டும் பதிக்கப்படும், வண்டி புறப்பட்டால் அதே நெரிசலுக்குள்தான் வர வேண்டியிருக்கும். தேர்வு செய்யும் ஒவ்வொரு இடத்திலிருந்தும் காலை எட்டரை மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் ஒரு தீயணைப்பு வண்டியை உண்மையிலேயே ஓட்டிப் பாருங்கள். மேட்டுத் தெருவின் அடிப்படி வரை எத்தனை நிமிடம் என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரு குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு கடைசி வீடு வரை ஒருவரை ஏறச் சொல்லுங்கள். அந்த இரண்டு நேரங்களையும் கூட்டினால் வருவதுதான் அந்த இடத்தின் தகுதி.

ஏன் மூன்று துறையும் ஒரே இடத்தில்? சுற்றுச்சுவர், ஜெனரேட்டர், தண்ணீர்த் தொட்டி, கழிப்பறை, ஓய்வறை எல்லாம் பொதுவாகும், செலவு குறையும். அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. விபத்து துறைவாரியாக வருவதில்லை. கூரை எரியும்போது தீயணைப்போர் வேண்டும், தீக்காயம்பட்டவரைத் தூக்க ஆம்புலன்ஸ் வேண்டும், சாலையில் கூட்டத்தை விலக்கி வழிவிடப் போலீஸ் வேண்டும். இன்றைக்கு 108க்கு அடித்தால் சென்னையில் இருக்கும் மையம் எடுக்கிறது. தீயணைப்புக்கு 101, போலீசுக்கு 100 என்று எண்கள் வேறு. பதற்றத்தில் இருக்கும் ஒரு தாய் ஒவ்வொருவரிடமும் "காகிதப்பட்டறை, மலைமேல், மாரியம்மன் கோயில் பின்புறம்" என்று முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரே வளாகத்தில், அழைப்பை எடுத்து வண்டியை அனுப்பும் ஒரே வாட்ச் ரூம் இருந்து, எந்த எண்ணுக்கு வந்த அழைப்பானாலும் மூன்று பிரிவுக்கும் அதே நொடியில் தெரிந்தால், பாதி வேலை படியேறும் முன்பே முடிந்துவிடும்.

108 ஊழியர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2008இல் இந்தச் சேவை தமிழ்நாட்டில் தொடங்கியபோது நான் பணியில் இருந்தேன். விபத்து நடந்த இடங்களில் அவர்களோடு தோளோடு தோள் நின்றிருக்கிறேன். பைலட் என்று அழைக்கப்படும் ஓட்டுநரும் மருத்துவ உதவியாளரும் பல ஊர்களில் மரத்தடியிலோ பெட்ரோல் பங்க் ஓரத்திலோ வண்டியை நிறுத்தி, அதற்குள்ளேயே உட்கார்ந்திருப்பார்கள். பெண் உதவியாளருக்குக் கழிப்பறைக்கு வழி இருக்காது. வேலூர் வெயிலில் பன்னிரண்டு மணி நேரம் அப்படி இருந்தவர்கள் நள்ளிரவில் படியேறி வந்து நம்மைக் காப்பாற்ற வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். அவர்களுக்கு ஒரு மின்விசிறியும் ஒரு கட்டிலும் பூட்டக்கூடிய ஒரு கதவும் கொடுப்பது இந்த நிலையத்தின் முதல் கடமைகளில் ஒன்றாக இருக்கட்டும்.

ஏற்றிய நோயாளியை எங்கே கொண்டுபோவது என்பதும் இப்போது முன்போல் எளிதான கேள்வி அல்ல. சி.எம்.சி. மருத்துவமனையின் விபத்துச் சிகிச்சை 2022இல் ராணிப்பேட்டை வளாகத்துக்குப் போனது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை அடுக்கம்பாறையில், நகருக்குத் தெற்கே திருவண்ணாமலை சாலையில் இருக்கிறது. ஊருக்குள் பென்ட்லண்ட் மருத்துவமனை புதிய கட்டடத்தோடு விரிவடைந்திருக்கிறது. தீக்காயத்துக்கு எங்கே, தலைக்காயத்துக்கு எங்கே, பிரசவத்துக்கு எங்கே என்று மூன்று துறையும் முன்கூட்டியே உட்கார்ந்து பேசி முடிவு செய்து எழுதி வைத்திருக்க வேண்டும்.

கட்டடத்தோடு நின்றுவிடாமல் மலைக்கும் கொஞ்சம் செலவு செய்யுங்கள். என் அனுபவத்தில் மிகவும் பயன் தரக்கூடியது என்று நினைப்பதைச் சொல்கிறேன். அடுக்குமாடிக் கட்டடங்களில் தரைத்தளத்திலிருந்து மேல்தளம் வரை ஒரு வெற்று இரும்புக் குழாய் போகும். தீப்பிடித்தால் வண்டியை அதன் அடியில் இணைத்துத் தண்ணீரை ஏற்றுவார்கள். ஒவ்வொரு மாடியிலும் அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். அதே ஏற்பாட்டை ஏன் மலைப்படிக்கட்டில் செய்யக்கூடாது? சாலையில் இணைப்பு வாய், படிகளின் ஓரமாகச் சுவரை ஒட்டி மேலே போகும் குழாய், திருப்பத்துக்குத் திருப்பம் ஒரு திறப்பு. கனமான குழாய்ச் சுருளைத் தூக்கிக்கொண்டு ஓடும் நேரம் மிச்சமாகும், மூலையில் மடங்கும் தொல்லையும் தீரும். மேட்டின் உச்சியில் எப்போதும் நிரம்பியிருக்கும் ஒரு தொட்டியும் இருந்தால், வண்டி வரும் முன்பே தெருக்காரர்கள் குழாய் முனையைக் கையில் எடுத்துவிடுவார்கள். பொறியாளர்கள் இதைக் கணக்குப் போட்டுப் பார்க்கட்டும். ஒரு கட்டடத்தின் முகப்பு அலங்காரத்துக்கு ஆகும் செலவில் பல சந்துகளுக்கு இதைச் செய்துவிடலாம் என்று நம்புகிறேன்.

சந்துகளுக்கு எண் கொடுத்துச் சுவரில் பெரிதாக எழுதுங்கள். படியில் தூக்கக்கூடிய மடக்கு நாற்காலித் தூக்குப்படுக்கைகளை ஒவ்வொரு தெருவிலும் ஒரு வீட்டில் வையுங்கள். பைக் ஆம்புலன்ஸ் ஒன்றும் சிறிய தீயணைப்பு வாகனம் ஒன்றும் இந்த நிலையத்துக்கு வேண்டும். பெரிய வண்டி மட்டும் வாங்கி நிறுத்தினால் அது சாலையோடு நின்றுவிடும்.

காவல் பிரிவைப் பற்றி இங்கே மனம்விட்டுச் சொல்ல வேண்டும். எங்கள் தெருக்களில் போலீஸ் என்றால் உதவி என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள், பயப்படுபவர்களும் இருக்கிறார்கள். இரவில் வேலை முடிந்து வரும் பெண்கள் கீழே ஒரு புறக்காவல் நிலையம் இருந்தால் நிம்மதி என்கிறார்கள். இளைஞர்கள் சிலர், பெயர் எழுதி வைத்துக்கொண்டு அடிக்கடி கூப்பிடுவார்கள் என்று அஞ்சுகிறார்கள். இரண்டு பேச்சிலும் உண்மை இருக்கிறது. என் கருத்து இது: அங்கே லாக்கப் வேண்டாம். விசாரணை வேண்டாம். புகார் வாங்கவும், வழிவிடவும், இரவு ரோந்துக்கும் மட்டும் அந்தப் பிரிவு இருக்கட்டும். தீக்காயத்துக்குக் களிம்பு கேட்டு வருகிறவரும், மழை இரவில் குழந்தையோடு ஒதுங்க வருகிறவரும் காவலர் மேசையைத் தாண்டி உள்ளே போக வேண்டிய நிலை இருக்கக்கூடாது. வாசல் தனித்தனியாக இருக்கட்டும். மக்கள் நுழையத் தயங்கும் இடமாக அது மாறிவிட்டால் தீயணைப்புப் பிரிவும் ஆம்புலன்சும் சேர்ந்தே ஒதுக்கப்பட்டுவிடும்.

சிலர் சொல்லப்போவது எனக்குத் தெரியும்: "மலைப் புறம்போக்கில் வீடு கட்டியவர்களுக்கு இவ்வளவு வசதி செய்தால் ஆக்கிரமிப்பை வளர்த்ததாகாதா?" ஆபத்தான பாறைகளுக்கு நேர் கீழே இருக்கும் குடும்பங்களுக்கு மாற்று இடம் கொடுக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. பிழைப்புக்குப் பக்கத்தில், பிள்ளைகளின் பள்ளிக்கு எட்டும் தூரத்தில் கொடுத்தால் பலர் போவார்கள். ஆனால் அது நடந்து முடிய ஆண்டுகள் ஆகும். பட்டா இருக்கும் வீடும் இல்லாத வீடும் ஒரே வேகத்தில்தான் எரிகின்றன. என் பணிக்காலத்தில் எந்த அழைப்பிலும் எவரிடமும் பட்டாவைக் காட்டச் சொல்லி நாங்கள் கேட்டதில்லை.

பணத்தைப் பற்றி மாநகராட்சி கவலைப்படும் என்பது புரிகிறது. இதை மாநகராட்சி மட்டும் சுமக்க வேண்டியதில்லை. தீயணைப்பும் காவலும் மாநில உள்துறையின் கீழ் வருகின்றன. இரண்டுக்கும் கட்டடம் கட்டித் தருவது தமிழ்நாடு காவலர் வீட்டுவசதிக் கழகம். 108 சுகாதாரத் துறையைச் சேர்ந்தது. மாநிலங்களின் தீயணைப்புச் சேவையை விரிவாக்க 2023இல் ஒன்றிய அரசு 5,000 கோடி ரூபாய்த் திட்டத்தை அறிவித்தது. இத்தகைய நிதிகளைக் கேட்டு வாங்க வேண்டுமானால் கையில் தயாரான திட்ட அறிக்கை இருக்க வேண்டும். 2016இலேயே பொலிவுறு நகர (ஸ்மார்ட் சிட்டி) பட்டியலில் இடம்பிடித்த வேலூருக்கு அறிக்கை தயாரிப்பது புதிய வேலை இல்லை. நிலமும், மலைக்குழாயும், சந்து எண்களும், மக்களிடம் கேட்டறிவதும் மாநகராட்சியின் பங்காக இருக்கட்டும்.

கட்டிய பிறகு பாழாகும் பொதுக் கட்டடங்களைப் பார்த்தவன் என்பதால் ஒன்றை வற்புறுத்துகிறேன். மின்கட்டணத்தை யார் கட்டுவது, தண்ணீர்த் தொட்டியை யார் கழுவுவது, ஜெனரேட்டருக்கு டீசல் யார் ஊற்றுவது, வாட்ச் ரூம் சாவி யாரிடம் என்பதெல்லாம் அடிக்கல் நாட்டும் முன்பே மூன்று துறையும் கையெழுத்திட்ட தாளில் இருக்க வேண்டும். நான்கு பேர் வீட்டு மாடு பட்டினி கிடந்த கதையாக இது ஆகிவிடக்கூடாது. மாதம் ஒரு முறை மூன்று பிரிவும் சேர்ந்து மேட்டுத் தெருவில் ஒத்திகை நடத்த வேண்டும் என்பதையும் அந்தத் தாளிலேயே எழுதுங்கள். ஒத்திகை நின்றுபோனால் கருவிகள் துருப்பிடிக்கும் என்பதைச் சொல்ல எனக்குத் தகுதி இருக்கிறது.

மக்களைக் கேட்பது எப்படி? 2022 முதல் மாநகராட்சிகளில், வார்டு மக்கள் கூடிப் பேசும் பகுதி சபை இருக்கிறது. அதை இந்தத் திட்டத்துக்காகக் கூட்டுங்கள். ஆனால் பகல் பதினொரு மணிக்குக் கூட்டினால் வேலைக்குப் போகாதவர்கள்தான் வருவார்கள். இங்கே பல பெண்கள் மடியில் முறத்தை வைத்துக்கொண்டு பீடி சுற்றுகிறார்கள். ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி. எழுந்து வந்தால் அன்றைய கணக்கு குறையும். இரவு ஏழு மணிக்கு மேல், மலையடியிலேயே, தெருவிலேயே நடத்துங்கள். எந்தச் சந்தில் மழைத்தண்ணீர் பாய்கிறது, எந்த வீட்டில் எழுந்து நடக்க முடியாத முதியவர் இருக்கிறார், எந்தப் பாறைக்கு அடியில் போன மழையில் மண் சரிந்தது என்று அந்தப் பெண்கள் விரல் நீட்டிக் காட்டுவார்கள். நில அளவைத் துறையின் வரைபடத்தோடு அவர்கள் சொல்வதையும் சேர்த்து ஒரே வரைபடமாக்குங்கள். வாட்ச் ரூம் சுவரில் தொங்க வேண்டியது அந்த வரைபடம்தான்.

வடகிழக்குப் பருவமழைக்கு முன் செய்யக்கூடியவை சில இருக்கின்றன. சந்து எண்கள், தூக்குப்படுக்கைகள், மலையடியில் தற்காலிகமாக ஒரு 108 வண்டி நிற்கக் கூரையும் கழிப்பறையும். இவற்றுக்குப் பெரிய டெண்டர் வேண்டாம். இந்த மாத மாமன்றக் கூட்டத்திலேயே தீர்மானம் போடலாம். நிலையத்துக்கான இடத்தேர்வை அதே தீர்மானத்தில் தொடங்கி வையுங்கள். அதிகாரிகள் இடம் பார்க்க வரும் நாளை வார்டு உறுப்பினர் மூலம் முன்கூட்டியே சொல்லி அனுப்புங்கள். படிகளைக் காட்டவும், குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறிக் காட்டவும் நானும், இதே துறையில் ஓய்வு பெற்று இங்கே வசிக்கும் என் நண்பர்களும் வருகிறோம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற முன்னணித் தீயணைப்போர் ஒருவர்,
காகிதப்பட்டறை, வேலூர்